நிற்கும் காரின் பேட்டரி

2020 மார்ச் 25 அன்று இந்தியா முழுக்க ஊரடங்கு வந்தபோது, தினமும் ஓடிப் பழகிய கார்கள் ஒரே நாளில் நின்றுபோயின. ஏப்ரல் பாதிக்குள் அவற்றில் பலவற்றில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தத்தைத் தவிர வேறொன்றும் வரவில்லை. 2022இல் இலங்கையில் பெட்ரோலும் டீசலும் கிடைக்காமல் வண்டிகள் வாரக்கணக்கில் வாசலில் கிடந்தபோதும் இதே சிக்கல். அப்போதெல்லாம் வாய்க்கு வாய் பரவிய வைத்தியம் ஒன்றுதான்: “ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுங்க, போதும்.”

அந்த நெருக்கடிகள் தீர்ந்த பின்னும் நிற்கும் கார்கள் குறையவில்லை. பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம் அமெரிக்கா போகும் பெற்றோரின் கார், வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனின் விடுமுறைக்காக உறை போட்டு மூடிய கார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் பழைய அம்பாசடர், மெட்ரோவில் வேலைக்குப் போகத் தொடங்கியவரின் கார் என்று ஒவ்வொரு தெருவிலும் உண்டு. இவற்றின் பேட்டரியைக் காக்க ஐந்தாறு வழிகள் சொல்லப்படுகின்றன. அவற்றில் அண்மைக் காலமாக அதிகம் பேசப்படுவது பராமரிப்பு சார்ஜர்: வீட்டு மின்சாரத்தில் செருகி, பேட்டரியில் மாட்டி, மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடலாம் என்று விற்கப்படும் சிறு பெட்டி. எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்று முடிவெடுக்குமுன், சார்ஜ் எங்கே போகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் அந்தக் கணக்கைப் போடாமலேயே சார்ஜர் வாங்குகிறார்கள், அல்லது வேண்டாம் என்கிறார்கள்.

பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே 1859இல் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் நிறுத்திச் செய்த பேட்டரியும், அதே நாட்டின் கமீல் ஃபோர் 1881இல் கொண்டுவந்த பசை பூசிய தகடும்தான் இன்றும் பானெட்டுக்குள் இருக்கின்றன. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக்கில் வந்தது. அதன்பின் கையால் சுற்றும் ஹேண்டில் மெல்ல மறைந்தது. பேட்டரி இல்லாமல் கார் இல்லை என்றானது. சார்ஜ் இறங்கும்போது இரண்டு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏறும்போது அந்த சல்பேட் கரைந்து அமிலத்துக்கே திரும்புகிறது. புதிதாகப் படிந்தது நுண்ணிய துகளாக இருப்பதால் எளிதில் கரையும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் துகள்கள் பெரிய, கெட்டியான படிகங்களாகிவிடும். பிறகு அவை லேசில் அசைவதில்லை. தகட்டின் அந்தப் பரப்பு இனி வேலைக்கு ஆகாது. ஆக, நிற்கும் காரில் பேட்டரிக்கு நேர்வது இரண்டு: சார்ஜ் இறங்குவது, இறங்கிய நிலையிலேயே கிடப்பது. முதலாவது ஒரு ராத்திரி சார்ஜில் சரியாகும். இரண்டாவது நீண்டுவிட்டால் மருந்து இல்லை.

எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கச் சாதாரண மல்டிமீட்டரே போதும். இன்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால், முழு சார்ஜில் 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம் வகை பேட்டரி சற்றுக் கூடுதலாக, 12.8ஐ ஒட்டிக் காட்டும். 12.4க்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வதே முழு வேலையும். மூடி திறக்கக்கூடிய பேட்டரியாக இருந்தால், மெக்கானிக்குகள் ‘கிராவிட்டி பார்ப்பது’ என்று சொல்லும் ஹைட்ரோமீட்டர் சோதனை இன்னும் நம்பகமானது. ஆறு செல்லில் ஒன்று மட்டும் செத்திருந்தால் அதில்தான் பளிச்சென்று தெரியும்.

இனி கணக்கு. நம் சின்னக் கார்களில் பரவலாக இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. கால்சியம் கலந்த ஈயத் தகடுகள் கொண்ட இன்றைய பேட்டரி, 25 டிகிரி வெப்பத்தில் யாரும் தொடாமல் வைத்தாலே மாதம் ஐந்து சதவீதம் வரை இழக்கலாம். ஆண்டிமனி கலந்த பழைய வகை இன்னும் அதிகம் இழக்கும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். நம் ஊர் வெயிலுக்குப் பத்து சதவீதம் என்று தாராளமாக வைத்தாலும் மாதத்துக்கு 3.5 ஆம்பியர்-மணிதான். கார் எடுத்துக்கொள்வதைப் பாருங்கள். பூட்டிய பிறகும் கடிகாரம் ஓடுகிறது, அலாரம் விழித்திருக்கிறது, ரிமோட் சாவியின் சமிக்ஞைக்காக ஒரு ரிசீவர் காத்திருக்கிறது, இன்ஜின் கம்ப்யூட்டர் தன் நினைவைத் தக்கவைத்துக்கொள்கிறது. எல்லாம் சேர்ந்து பொதுவாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர். 25 என்றே வைத்தாலும் நாளைக்கு 0.6 ஆம்பியர்-மணி, மாதத்துக்கு 18. பேட்டரியில் பாதி போய்விட்டது. 50 என்றால் ஒரு மாதத்தில் முழுதும் காலி.

பேட்டரி தானாகக் கசியவிடுவதைப் போல ஐந்து மடங்கை கார் எடுத்துக்கொள்கிறது. இதற்கு மேல், வாங்கிய பின் நாம் மாட்டும் டாஷ் கேமரா, ஜிபிஎஸ் டிராக்கர், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ எல்லாம் இருக்கின்றன. வயரிங் செய்பவர் தன் வசதிக்கு நேரே பேட்டரியிலிருந்து இணைப்புக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் 25 மில்லி ஆம்பியர் 150 ஆவதற்கு அதிக நேரம் ஆகாது. சார்ஜர் வாங்குமுன் இதை ஒருமுறை அளந்துவிடுவது நல்லது. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவே இணைக்க வேண்டும். காரைப் பூட்டிவிட்டு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக உறங்கப்போக அவ்வளவு நேரம் பிடிக்கும். அதற்கு முன் வரும் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. மீட்டர் இணைப்பில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

பத்து நிமிட வைத்தியத்தையும் இந்தக் கணக்கிலேயே சோதிக்கலாம். ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுத்தாலும் மூன்று நொடிக்கு ஆகும் செலவு ஒரு ஆம்பியர்-மணியில் எட்டில் ஒரு பங்குதான். இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது பேட்டரி 10 ஆம்பியர் வாங்கிக்கொள்கிறது என்று வைத்தால், பத்து நிமிடத்தில் வருவது 1.7 ஆம்பியர்-மணி. இரண்டு நாள் இழப்போ 1.4. ஆக, ஏசியும் லைட்டும் போடாமல், உண்மையிலேயே இரண்டு நாளுக்கு ஒருமுறை தவறாமல் செய்தால் வரவும் செலவும் ஏறக்குறைய நேராகின்றன. இதைச் சுத்தப் பொய் என்று சொல்பவர்களும் கணக்குப் போடவில்லை. ஆனால் யார் அப்படிச் செய்கிறார்கள்? இரண்டு நாள் நான்கு நாளாகும், பிறகு வாரமாகும், பிறகு வாட்ச்மேனிடம் சாவி போகும். தவறாமல் செய்தாலும் இன்னொரு தடை உண்டு. பேட்டரி நிரம்ப நிரம்ப, அது வாங்கிக்கொள்ளும் ஆம்பியர் குறைந்துகொண்டே போகும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு நிரம்பப் பல மணி நேரம் வேண்டும். பத்து நிமிடத்தில் அது ஒருநாளும் நடக்காது. அதனால் பேட்டரி முக்கால் வயிற்றிலேயே காலம் தள்ளுகிறது, சல்பேட் கெட்டிப்படுகிறது. சூடேறாத இன்ஜினில் பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது, சைலன்சருக்குள் தண்ணீர் தேங்குகிறது. மூடிய ஷெட்டுக்குள் ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். வாரம் ஒருமுறை முப்பது, நாற்பது நிமிடம் ரோட்டில் ஓட்டி வருவது வேறு விஷயம். டயர், பிரேக், ஆயில் எல்லாவற்றுக்கும் அது நல்லது. ஓட்ட ஆள் இருந்தால் அதற்கு இணையான வழி வேறில்லை.

ஓட்ட ஆள் இல்லையென்றால்? கணக்கு காட்டும் முதல் வழிக்குச் செலவே கிடையாது. பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பானரால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஒதுக்கி வைப்பது. காரின் 18 ஆம்பியர்-மணி அப்படியே நின்றுவிடும், பேட்டரியின் சொந்தக் கசிவு மட்டும் மிஞ்சும். நல்ல நிலையிலுள்ள பேட்டரி இரண்டு, மூன்று மாதம் கவலையின்றித் தாங்கும். இடையில் பக்கத்து வீட்டுக்காரரோ தெரிந்த பேட்டரிக் கடைக்காரரோ ஒருமுறை சார்ஜ் ஏற்றிவிட்டால் ஆறு மாதமும் ஓடிவிடும். எளிய காருக்கு இதைவிட வேறெதுவும் தேவையில்லை என்பதே என் கருத்து. புதிய, பட்டன் ஸ்டார்ட் கார்களில்தான் இது தொல்லை: கடிகாரமும் ஸ்டீரியோவும் அமைப்பை மறக்கும், சிலவற்றில் ஸ்டீரியோ கோட் கேட்கும், பவர் விண்டோவுக்கு மறுபடி பாடம் சொல்லித்தர வேண்டும், அலாரம் வேலை செய்யாது. ரிமோட் இயங்காததால் கதவை இயந்திரச் சாவியால்தான் திறக்க வேண்டும். அந்தச் சாவி ரிமோட்டுக்குள்ளேயே மடிந்து கிடப்பது பலருக்குத் தெரியாது. டிக்கியில் பேட்டரி வைத்த, டிக்கியை மின்சாரத்தால் மட்டுமே திறக்கும் காரில் இணைப்பைக் கழற்றிவிட்டு டிக்கியை மூடுவது தன் கையால் தன்னையே வெளியே வைத்துப் பூட்டுவதுதான்.

அத்தகைய கார்களுக்குத்தான் பராமரிப்பு சார்ஜர். அதன் அடிப்படை புதிதல்ல, தொலைபேசி நிலையங்கள் நெடுங்காலமாகச் செய்துவந்ததுதான். அங்கே 48 வோல்ட் பேட்டரி வரிசையை இரவும் பகலும் ஒரு நிலையான மெல்லிய வோல்டேஜில் மிதக்கவிட்டிருப்பார்கள். அப்படி ஆண்டுக்கணக்கில் மிதந்தும் கெடாத தகடு வேண்டும் என்று தேடித்தான் 1930களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹாரிங், தாமஸ் இருவரும் ஈயத்தோடு கால்சியம் சேர்த்துப் பார்த்தார்கள். நாற்பது ஆண்டு கழித்து அதே கலவை தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத கார் பேட்டரியாக வந்தது. நம் வீட்டு இன்வெர்ட்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது. மின்வெட்டு இல்லாத நாட்களில் டியூபுலர் பேட்டரியை நிரம்பிய நிலையிலேயே பிடித்து வைத்திருக்கிறது. சில மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவதோடு நம் வேலை முடிகிறது. கார் பேட்டரியை மட்டும் அப்படி மாதக்கணக்கில் மாட்டி வைக்கலாமா என்று கேட்பவர்கள், தங்கள் வீட்டு ஹாலின் மூலையைத் திரும்பிப் பார்த்தால் போதும்.

நல்ல பராமரிப்பு சார்ஜர் மூன்று கட்டமாக வேலை செய்யும். முதலில் தன்னால் முடிந்த ஆம்பியரை, அதாவது சின்னப் பெட்டி என்றால் 1, பெரியது என்றால் 5, முழுதாக உள்ளே தள்ளும். வோல்டேஜ் 14.4 அளவுக்கு ஏறியதும் அங்கேயே நிறுத்தி, ஆம்பியர் தானாகக் குறையும்வரை பல மணி நேரம் காத்திருக்கும். ஐடிலிங் எட்டாத அந்தக் கடைசி ஐந்தில் ஒரு பங்கு இங்கேதான் நிரம்புகிறது. பிறகு 13.2க்கும் 13.8க்கும் இடையே இறங்கி, கசிவதை மட்டும் ஈடு செய்துகொண்டிருக்கும். சில பெட்டிகள் இந்தக் கட்டத்தில் முழுக்க நின்றுவிட்டு, வோல்டேஜ் குறைந்தால் மட்டும் சிறு துடிப்பாகக் கொடுக்கும். காரின் 25 மில்லி ஆம்பியரையும் சேர்த்து அதுவே சுமந்துகொள்ளும் என்பதால் எந்த இணைப்பையும் கழற்ற வேண்டியதில்லை. மின் கட்டணமும் பெரிதில்லை. தொடர்ந்து 5 வாட் எடுத்தாலும் மாதம் 3.6 யூனிட்.

இந்தப் பெட்டிகள் பிறந்தது குளிர் நாடுகளில். ஸ்வீடனின் சிடெக், அமெரிக்காவின் நோக்கோ, பேட்டரி டெண்டர் என்று பெயர் பெற்றவை எல்லாம் பனிக்காலத்தில் வண்டியை மூடி வைப்பவர்களை மனதில் கொண்டவை. அங்கே பயம் உறைபனி. சார்ஜ் இறங்கிய பேட்டரியில் அமிலம் வெறும் தண்ணீரை நெருங்கிவிடுவதால், பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்து பேட்டரியின் கூடு பிளந்துவிடும். நமக்கு அந்தப் பயம் இல்லை, ஆனால் அதற்கு எதிரான சிக்கல் உண்டு. வெப்பம் ஏற ஏற பேட்டரிக்குத் தேவையான மிதவை வோல்டேஜ் குறைகிறது. ஒரு டிகிரிக்குச் செல் ஒன்றுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட், ஆறு செல்லுக்கு 18 முதல் 30. 25 டிகிரியில் 13.5 வோல்ட் சரியென்றால் மே மாத ஷெட்டின் 40 டிகிரியில் 13.1, 13.2 போதும். அதைப் பெட்டி அறியாமல் 13.8லேயே பிடித்து வைத்தால் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து குறையும், பாசிட்டிவ் தகட்டின் சட்டம் அரிக்கும். குளிர் நாட்டில் ஓரிரு பருவம் ஒன்றும் செய்யாத பிழை, வேலூரிலோ மதுரையிலோ ஒரே கோடையில் வேலையைக் காட்டிவிடும். அதனால் நம் ஊரில் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வெப்பத்துக்கேற்ப வோல்டேஜைத் திருத்தும் வசதி. அது இல்லாத சார்ஜர் என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை மாட்டியே வைக்காமல், பதினைந்து நாளுக்கு ஒருமுறை ராத்திரி மட்டும் போட்டு எடுப்பது மேல்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது மின்வெட்டு. கரண்ட் போய் வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தானாகத் தொடங்கும் சார்ஜர்கள் உண்டு. யாராவது வந்து பட்டனை அழுத்தும்வரை சும்மா நிற்பவையும் உண்டு. ஆறு மாதம் ஊரில் இல்லாதவருக்கு இரண்டாவது வகை இருந்தும் இல்லாததுதான். பேட்டரிக் கடைகளில் முள் ஆடும் ஆம்பியர் மீட்டரும் திருகு சுவிட்சும் வைத்த டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர்களும் கிடைக்கின்றன. டவுன் ஆன பேட்டரியைத் தூக்கி நிறுத்த அவை அருமையானவை. ஆனால் நிறுத்தத் தெரியாதவை, மாட்டிவிட்டுப் போகவே கூடாது. ‘ஆட்டோ கட்’ என்று அட்டையில் அச்சிட்டு மலிவாக வருபவற்றை நம்புவதா என்பதற்கு ஒரு நாள் சோதனை போதும். மாட்டி 24 மணி நேரம் கழித்து டெர்மினலில் அளந்து பாருங்கள். 13.8க்குள் இறங்கியிருந்தால் நம்பலாம், 14.2க்கு மேலேயே நின்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பேட்டரி வகையையும் பொருத்த வேண்டும். ஜெல் வகைக்கு வோல்டேஜ் குறைவாக வேண்டும், ஏஜிஎம்முக்குச் சற்றுக் கூடுதலாக. லித்தியம் பேட்டரிக்கு அதற்கென்றே உள்ள அமைப்பில் மட்டுமே ஏற்ற வேண்டும்.

செத்த பேட்டரியை உயிர்ப்பிக்கும் ‘பல்ஸ்’ முறை பற்றி விளம்பரங்கள் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஓரிரு வாரம் இறங்கிக் கிடந்ததை மெதுவான, நீண்ட சார்ஜே பெரும்பாலும் மீட்டுவிடும். பல மாதம் கிடந்து கெட்டிப்பட்டதை எந்தத் துடிப்பும் புதிதாக்குவதில்லை. சில சார்ஜர்களில் 15.8 வோல்ட் வரை ஏற்றும் அமைப்பு இருக்கிறது. அடியில் தங்கிய கனத்த அமிலத்தைக் கலக்கிவிட அது உதவும். ஆனால் பேட்டரியைக் காரிலிருந்து கழற்றிய பிறகே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காரின் எலெக்ட்ரானிக்ஸுக்கு ஆபத்து.

மாட்டும் முறையில் பிழை வரக்கூடிய இடங்கள் சில. சிவப்புக் கிளிப் பாசிட்டிவ் டெர்மினலில் முதலில், கறுப்புக் கிளிப் பேட்டரியிலிருந்து தள்ளி இன்ஜின் அல்லது பாடியின் பெயின்ட் இல்லாத இரும்பில் அடுத்து, கடைசியில்தான் மெயின் சுவிட்ச். கழற்றும்போது தலைகீழ் வரிசை. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றக்கூடியது. பொறி டெர்மினலுக்குப் பக்கத்தில் பறக்கக் கூடாது என்பதற்கே இத்தனை ஏற்பாடு. ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள கார்களில் இன்னொரு காரணமும் சேர்கிறது. நெகட்டிவ் டெர்மினலிலேயே ஒரு சென்சார் உட்கார்ந்து வரவு செலவை எண்ணிக்கொண்டிருக்கும். கறுப்புக் கிளிப்பை நேரே அந்த டெர்மினலில் மாட்டினால் உள்ளே போன சார்ஜ் அதன் கணக்கில் வராது, பேட்டரி இன்னும் காலி என்றே கார் நினைத்துக்கொள்ளும். சார்ஜரைத் தரையில் வைக்காமல் சுவரில் ஆளுயரத்தில் மாட்டுவதும் முக்கியம். மழைக்காலத்தில் ஸ்டில்ட் பார்க்கிங்கில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை, வெள்ளத்துக்குப் பயந்து சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்தியவர்கள் சொல்வார்கள்.

அடுக்குமாடிவாசிகளுக்கு இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் இருக்காது, இருந்தாலும் அது பொது மீட்டரில் இருக்கும், அடுத்த சங்கக் கூட்டத்தில் அதுவே பேச்சாகும். திறந்த வெளியில் நிற்கும் காருக்கு 5 வாட் சோலார் தகடு மாற்று. ஒரு நாளின் 0.6 ஆம்பியர்-மணிக்கு அது தாராளம். ஆனால் பல கார்களில் சாவியை எடுத்ததும் சிகரெட் லைட்டர் சாக்கெட் செத்துவிடும். அதில் செருகிய தகடு ஒன்றும் செய்யாது. நேரே பேட்டரிக்கு, கன்ட்ரோலர் வழியாகப் போக வேண்டும். உறை போட்டு மூடிய காருக்கும் ஸ்டில்ட்டுக்குள் நிற்கும் காருக்கும் இதுவும் உதவாது. அவற்றின் சொந்தக்காரர்கள் ஸ்பானரைத்தான் எடுக்க வேண்டும்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் சார்ஜரை எடுக்குமுன் பேட்டரியின் முகத்தைப் பார்க்க வேண்டும். 1960களின் நடுப்பகுதிக்கு முந்தைய பீட்டில் போன்றவற்றில் 6 வோல்ட். 12 வோல்ட் அமைப்பில் போட்டால் அந்த பேட்டரி கொதித்துவிடும். அக்கால பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாடியோடு சேர்ந்திருப்பது பாசிட்டிவ். கறுப்பு எப்போதும் பாடிக்கு என்ற பழக்கத்தில் கை போனால் விபரீதம்.

காசு விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். பெயர் பெற்ற பராமரிப்பு சார்ஜரின் விலை சின்னக் காரின் புது பேட்டரி விலையை நெருங்கும், சிலது தாண்டும். நம் வெப்பத்தில் பேட்டரி எப்படியும் மூன்று, நான்கு ஆண்டுதான் உழைக்கும். நான்கு வயதான 35 ஆம்பியர்-மணி பேட்டரியைக் காக்கப் புது சார்ஜர் வாங்குவது வீண். அதே சார்ஜர், விலையுயர்ந்த ஏஜிஎம் பேட்டரியும் இருபது கம்ப்யூட்டரும் உள்ள காருக்கு ஒரே பயணத்தில் தன் விலையை ஈட்டிவிடும்.

ஹைபிரிட், மின்சாரக் கார்களில் இந்தச் சிக்கல் ஓயும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். கதவு, கம்ப்யூட்டர், பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே எல்லாவற்றையும் எழுப்புவது அங்கேயும் ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரிதான். பலவற்றில் அது இன்னும் ஈய-அமில வகை. அது இறங்கினால் பெரிய பேட்டரி நிரம்பியிருந்தும் கார் எழுந்திருக்காது. இலங்கைச் சாலைகளில் ஏராளமாக ஓடும் பிரியஸின் பல மாடல்களில் அந்தச் சிறு பேட்டரி பின்னால் டிக்கிப் பக்கம் இருக்கிறது. அது செத்தால் டிக்கியும் திறக்காது. அதற்காகவே பானெட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் தனியாக ஒரு பாசிட்டிவ் முனை வைத்திருக்கிறார்கள், சார்ஜையும் ஜம்ப் ஸ்டார்ட்டையும் அங்கே கொடுக்கலாம். மின்சாரக் காரில் இன்னொரு முரண். லித்தியம் பேட்டரி நீண்ட நாள் நிற்க வேண்டுமென்றால் பாதியளவில் இருப்பதையே விரும்பும், ஈய பேட்டரி முழுதாக இருப்பதை. பெரிய பேட்டரியிலிருந்து சிறியதை இடையிடையே தானாக நிரப்பிக்கொள்ளும் கார் என்றால் பெரியதைப் பாதியில் விட்டுவிட்டுப் போகலாம். அப்படி நிரப்பாத கார் என்றால் சிறியதற்கு மட்டும் பராமரிப்பு சார்ஜரை மாட்ட வேண்டும். எது எந்த வகை என்பதைக் காரோடு வந்த கையேட்டில் பார்த்துவிட்டு விமானம் ஏறலாம்.